தோட்டத்து மனநலமும் கூட்டுப்பணிப் பயிற்சியும்

மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே காலைப் பெரட்டுக் கலைந்து, கொழுந்தெடுப்போர் கூடையோடும் படங்கோடும் மலையேறிய பின்னர், தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் ஒரு சிறு கூட்டம் காத்து நிற்பதைக் காணலாம். காய்ச்சல், இருமல், கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் என்று வந்தோர் சிலர். அவர்களுக்கு மருந்து கொடுப்பது எளிது. வேறு சிலர் சொல்லும் நோயோ எளிதிற் பிடிபடாதது. "தலை கிறுகிறுன்னு வருதுங்க ஐயா. நெஞ்சு படபடன்னு அடிக்குது. ராவுல கண்ணு மூட முடியல. சோறு எறங்க மாட்டேங்குது" என்று ஒரு பெண் முறையிடுகிறாள். தோட்ட வைத்திய உதவியாளர், மக்கள் வழக்கில் 'டாக்டரையா', நாடி பார்க்கிறார்; இரத்த அழுத்தம் பார்க்கிறார்; தலைவலிக்கு இரண்டு மாத்திரையும் பலத்துக்குச் சில மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார். பத்து நாள் கழித்து அவள் மறுபடியும் வருகிறாள். அதே முறைப்பாடு, அதே மாத்திரை.

இப்பெண் பெயர் சுட்டக்கூடிய ஒருத்தி அல்லள். ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளிலே பலரிடம் காணப்படும் நிலையை விளக்குவதற்காக அமைத்துக்கொண்ட உதாரணமே. அவளுடைய வீட்டு நிலைமை இவ்வாறு இருக்கலாம்: நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்று, பாடசாலைக்குப் போகும் மகன் ஒருவன், சம்பள நாளன்று குடித்துவிட்டு வந்து கை ஓங்கும் கணவன், அடகுக் கடையிலே தோடு, லயத்தின் அடுத்த காம்பிராவிலே மாமியார்.

குழந்தையைப் பிள்ளைக் காம்பிராவில் விடும்போது அவள் அழுததை அங்குள்ள ஆயாம்மா கண்டிருக்கிறாள். குழந்தையின் நிறை கூடவில்லை என்பதைக் குடும்பநல மாது பதிவேட்டிலே குறித்திருக்கிறார். மகன் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவள் பறிக்கும் கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுவது கணக்கப்பிள்ளையின் செக்ரோலிலே இருக்கிறது. சம்பள நாளிரவு நடந்த சண்டையைத் தோட்டத் தலைவர் விலக்கி வைத்திருக்கிறார். கோடாங்கியிடம் குறி கேட்கப் போனதை மாமியார் அறிவாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு உண்டு. முழுவதும் எவர் கையிலும் இல்லை. டாக்டரையாவின் கையில் இருப்பது தலைவலி ஒன்றுதான்.

அவள் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். மனச்சோர்வு நோய் கண்டவர்கள் உலகின் பல பாகங்களிலும் தலைவலி, நெஞ்செரிவு, உடலயர்ச்சி, உறக்கமின்மை ஆகியவற்றையே வைத்தியரிடம் முதலிற் கூறுகின்றனர். 'எனக்கு மனம் சரியில்லை' என்று சொல்ல வேண்டுமாயின், அவ்வாறு சொல்வதற்கு ஓர் இடமும், கேட்பதற்கு ஒருவரும், சொன்ன பின் ஊர் பழிக்காது என்ற நம்பிக்கையும் வேண்டும். டிஸ்பென்சரி வாசலில் இம்மூன்றும் அருமை. தலைவலிக்கு வரிசையில் நிற்பதில் வெட்கமில்லை.

உடல் நோயையும், உள்ளத்தின் நோயையும், குடி போன்ற பழக்கங்களால் விளையும் கேட்டையும் வெவ்வேறு வாசல்களில் வைத்துப் பார்க்காமல், நோயாளி முதலில் வந்து நிற்கும் வாசலிலேயே ஒருங்கே பார்ப்பதற்கு ஒருங்கிணைந்த வைத்தியம் என்று பெயர். அங்கே வைத்தியரும், தாதியும், உளவளத்துணையாளரும், சமூகப் பணியாளரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒருவரோடொருவர் கலந்து பேசி, ஒரே திட்டத்தின்படி வேலை செய்கின்றனர். சொல்லும்போது இது இயல்பான காரியமாகத் தோன்றும். தோட்டப் பகுதியிலே அது ஏன் அவ்வளவு இயல்பாக நடப்பதில்லை என்பதற்குச் சற்றுப் பழைய வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1912-ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் நோய் நொடியைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையிலே சுமத்தியது. தொழிலாளியின் உடல் நலம் தோட்டத்தின் கணக்கில் ஒரு செலவாயிற்று. 1916 முதல் ராக்பெல்லர் தாபனத்தார் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை நடத்தினர். மருந்து கொடுத்தால் புழு விழும். ஆனால் மலகூடம் இல்லாத லயத்திலே அதே மனிதருக்குச் சில மாதங்களில் மறுபடியும் புழு பற்றும். வைத்தியர் ஒருவரால் மட்டும் தீராத காரியம் இது என்பதை அந்த அனுபவம் நன்கு உணர்த்திற்று. அத்தாபனத்தின் உதவியோடு 1926-இல் களுத்துறையிலே இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபோது, சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவ மாது ஆகியோர் ஒரு நிலப்பரப்புக்கு ஒரு கூட்டமாக நின்று பணி செய்யும் முறை பிறந்தது. அம்முறை நாடெங்கும் பரவி, இலங்கையின் சுகாதாரத்துக்கு நற்பெயர் தேடித் தந்தது. ஆயினும் தோட்டத்தின் எல்லைக்குள் அது நெடுங்காலம் முழுமையாக நுழையவில்லை. கிராமத்துத் தாய்க்கு அரசாங்கத்தின் மருத்துவ மாது. தோட்டத்துத் தாய்க்குத் தோட்டத்தின் மருத்துவிச்சி. இவ்வாறு இரண்டு ஓடைகள் பிரிந்து ஓடின.

1972-ஆம் ஆண்டிலும் 1975-ஆம் ஆண்டிலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தோட்ட மக்களின் வீடமைப்பு, சமூக நலன் ஆகியவற்றுக்கென ஒரு பொது நிதியமும் அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்டது. தோட்ட ஆஸ்பத்திரிகள் சில அரசாங்கத்தின் வசமாயின. 2017-ஆம் ஆண்டு மே மாதத்திலே இந்திய உதவியுடன் கட்டப்பெற்ற 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை டிக்கோயாவிலே திறந்து வைக்கப்பட்டது. இவை யாவும் முன்னேற்றங்களே. ஆயினும் ஓடைகள் இரண்டும் ஒன்றாகிவிடவில்லை. கிளைகள் பெருகின என்பதே பொருந்தும். டாக்டரையாவுக்கும் ஆயாம்மாவுக்கும் சம்பளம் தருவது தோட்டம். குடும்பநல மாது சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். உளவளத்துணை உத்தியோகத்தரும், சமூக சேவை உத்தியோகத்தரும், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பது பிரதேச செயலகத்திலே. சிறுவருக்கு நேரும் கொடுமையை நோக்குவோர் நன்னடத்தைத் திணைக்களத்தார். குடும்ப வன்முறைக்குள்ளான பெண்களுக்கென நட்பு நிலையம் என்ற பெயரோடு இயங்கும் பிரிவுகள் பெரிய வைத்தியசாலைகளிலே உள்ளன. 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கட்டளை பெற வேண்டுமாயின் நீதிமன்றம் செல்ல வேண்டும்.

இவர்களில் எவரும் வேண்டாதவர் அல்லர். ஆனால் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி மாறுகிறது. டாக்டரையா ஒரு துண்டு எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். அவருக்கு அது அரை நிமிட வேலை. அவளுக்கோ அன்றைய பேர் போயிற்று. காலைப் பேருந்தைப் பிடிக்கப் பல வளைவுகள் இறங்கி நடக்க வேண்டும். குழந்தையையும் தூக்கிச் செல்ல வேண்டும். அங்கே வரிசையில் நின்று அவள் உள்ளே போனதும், 'இது மனநோய்ப் பிரிவுக்கு உரியது. கிளினிக் நாளன்று வாருங்கள்' என்று இன்னொரு துண்டு கிடைக்கிறது. இன்னொரு பேர். கிளினிக்கிலே வீட்டு நிலைமையைச் சொன்னால் பிரதேச செயலகத்துக்கு ஒரு துண்டு. மூன்றாவது பேர். நாட்கூலியையே நம்பி வாழும் குடும்பத்திலே மூன்று நாட் கூலி போனதற்கு வீட்டிலே அவள் பதில் சொல்லியாக வேண்டும். எந்த அடிக்குப் பரிகாரம் தேடிப் போனாளோ, அந்த அடி அதனாலேயே விழவுங்கூடும். நான்காவது முறை அவள் போகமாட்டாள். அலுவலகங்களின் பதிவேட்டிலே 'நோயாளி தொடர்ந்து வரவில்லை' என்று ஒரு வரி எழுதப்படும்.

மாணவர் பயிற்சி என்ற பேச்சு இந்த இடத்திலேயே தொடங்க வேண்டும். துண்டு எழுதி அனுப்புவதைக் கூட்டுப்பணி என்று கருதும் பழக்கம் படிக்கும் காலத்திலேயே கையோடு ஒட்டிக்கொள்கிறது. வேலைக்கு வந்த பின்னர் அதை மாற்றுவது மிகக் கடினம்.

இலங்கையிலே சமூகப்பணிக் கல்வி 1952-ஆம் ஆண்டிலே தொடங்கியது. அவ்வாண்டில் அமைந்த நிறுவனமே பிற்காலத்தில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனமாக வளர்ந்து, 1992-ஆம் ஆண்டின் 41-ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெற்றது. பட்டயப் படிப்போடு நின்ற கல்வி இந்த நூற்றாண்டிலே பட்டப் படிப்பாகவும் உயர்ந்தது. தனி மனிதரோடு பணி செய்தல், குழுவோடு பணி செய்தல், சமுதாயத்தை அமைத்து வளர்த்தல் என்பன அங்கே கற்பிக்கப்படும் அடிப்படைப் பாடங்கள். களப்பயிற்சியும் உண்டு. தோட்டப் பகுதிக்கு அருகிலே பேராதனையில் 1962-இல் தொடங்கிய மருத்துவ பீடத்திலே வைத்தியர்கள் பயில்கின்றனர். தாதியர் தம் கல்லூரியிலும், மருத்துவ மாதர் தம் பயிற்சி நிலையத்திலும் பயில்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் தொழிலை நன்றாகவே கற்கின்றனர். ஆனால் ஒருவர் மற்றவரைச் சந்திப்பது பெரும்பாலும் முதல் உத்தியோகத்திலே, முதல் நெருக்கடியிலேதான். சமூகப்பணி மாணவிக்கு, வைத்தியர் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்பது தெரியாது. வைத்திய மாணவருக்கு, சமூகப் பணியாளர் என்பவர் பணவுதவிக்குப் படிவம் நிரப்புபவர் என்ற எண்ணமே இருக்கலாம். படிவம் நிரப்புவதும் சிறிய காரியம் அன்று என்பது வேறு விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் 2010-ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஓர் அறிக்கையில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழில்களின் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பதையே தொழில்களுக்கிடையிலான கல்வி என்று வரையறுத்தது. ஒரே மண்டபத்திலே இரு வகுப்பு மாணவரை இருத்தி ஒரு விரிவுரை கேட்கச் செய்வது இதனுள் அடங்காது. அது இட வசதி மட்டுமே.

இக்கல்வியின் தேவையை இங்கிலாந்து மிகக் கசப்பான முறையிலே உணர்ந்தது. 2000-ஆம் ஆண்டு பெப்ரவரியில் லண்டன் நகரிலே விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, தன்னை வளர்த்தோர் செய்த கொடுமையால் இறந்தாள். அவளை இரண்டு வைத்தியசாலைகளும், பல சமூக சேவைத் திணைக்களங்களும், பொலிசாரும் முன்னரே கண்டிருந்தனர். லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணை 2003-இல் அறிக்கை வெளியிட்டபோது, அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்றும், அவை கைநழுவின என்றும் எடுத்துக் காட்டியது. உத்தியோகத்தர் பற்றாக்குறை ஒரு பக்கம் இருக்க, ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமையும், 'அது அவர் வேலை' என்ற எண்ணமும் அங்கே பெருங்கேடு செய்தன. செல்வமும் சட்டமும் நிறைந்த நகரிலே இது நேர்ந்தது என்பதை மறத்தலாகாது.

கூட்டுப்பணி பயன் தருகிறதா என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 5 மாநிலங்களிலுள்ள 18 சிகிச்சை நிலையங்களிலே, மனச்சோர்வு கண்ட 1,801 முதியோரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பொது வைத்தியர், நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் பணியாளர், மனநோய் வைத்தியர் ஆகியோர் ஒன்று சேர்ந்து பார்த்த பிரிவிலே ஓராண்டின் பின் நூற்றுக்கு 45 பேருக்கு நோய்க் குறிகள் பாதியளவோ அதற்கு மேலோ குறைந்தன. வழக்கமான வைத்தியம் பெற்ற பிரிவில் அவ்வாறு குறைந்தோர் நூற்றுக்கு 19 பேரே.

அமெரிக்காவின் கதை மலைநாட்டுக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோர் கோவாவை நோக்கலாம். விக்ரம் பட்டேல் என்ற மனநோய் வைத்தியரும் அவருடைய குழுவினரும் அங்குள்ள 24 சிகிச்சை நிலையங்களிலே ஒரு பரீட்சை நடத்தி, 2010-இல் முடிவை வெளியிட்டனர். வைத்தியத் தொழிலைச் சேராத உள்ளூர்வாசிகளுக்கு இரண்டு மாதப் பயிற்சி அளித்து, அவர்களைச் சுகாதார ஆலோசகர்களாக வைத்தியரோடு சேர்த்தனர். மனநோய் வைத்தியர் அவ்வப்போது வந்து வழிகாட்டினார். அரசாங்க நிலையங்களிலே ஆறு மாதத்தில் குணமடைந்தோர் இம்முறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 66 பேர். வழக்கமான முறையில் ஏறக்குறைய 43 பேர். தனியார் வைத்தியரிடத்தில் இவ்வித்தியாசம் காணப்படவில்லை. குடும்பத்தைப் பல்லாண்டாக அறிந்த தனி வைத்தியரிடத்தில் ஆலோசகரின் வேலையில் ஒரு பங்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்திருக்கலாம். நீண்ட வரிசையும் குறுகிய நேரமும் உள்ள அரசாங்க நிலையத்திலேதான் இரண்டாவது ஆள் இன்றியமையாதவராகிறார். தோட்டத்து டிஸ்பென்சரி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வைத்தியத்துக்கு அப்பாலிருந்தும் உயிர் காக்கப்படலாம் என்பதற்கு இலங்கையே உலகுக்கு ஓர் உதாரணம். 1995-ஆம் ஆண்டளவில் இந்நாட்டிலே இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்தனர். உலகின் மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகள் 1980-களிலிருந்து படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. தோட்டங்களிலே பெரிதும் வழங்கிய பரகுவாட் என்னும் களைகொல்லி 2008-க்கும் 2011-க்கும் இடையிலே நீக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் தற்கொலை அளவு நூற்றுக்கு 70 வீதம் வரை வீழ்ந்தது. ஒரு கணத்தின் வேகத்திலே கைக்கு எட்டிய பொருள் கொடியதாக இல்லாவிட்டால், அந்தக் கணம் கடந்து போகிறது, மனிதர் பிழைக்கின்றனர். நஞ்சைப் பதிவு செய்யும் உத்தியோகத்தர் ஒருவரின் கையொப்பம், பல வைத்தியர்களின் வேலையைச் செய்திருக்கிறது. தற்கொலை முயற்சி 1998 வரை சட்டப்படி குற்றமாகவும் இருந்தது. அச்சட்டம் நீங்கிய பின்னரே, பிழைத்தவர் பொலிசுக்கு அஞ்சாமல் தம் துயரத்தை வாய்விட்டுச் சொல்ல வழி பிறந்தது.

மனநோய் வைத்தியமும் இதற்கிடையில் மாறிற்று. 1873-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் நிழலிலே, அங்கொடைக்குக் கொண்டுபோய் அடைப்பதே மனநோய்க்கு வழி என்று மக்கள் எண்ணியிருந்த காலம் நெடியது. மலையகத்திலே 'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரே ஒரு வசையாக வழங்கிற்று. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் வந்த 2005-ஆம் ஆண்டு மனநலக் கொள்கை, வைத்தியத்தை மாவட்டங்களுக்குப் பரப்புவதை நோக்கமாகக் கொண்டது. மனநலத்துக்கென விசேட பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகள் பிராந்திய வைத்தியசாலைகளிலே நியமிக்கப்பட்டனர். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். ஆகவே, போக இடமில்லை என்ற நிலை குறைந்திருக்கிறது. இருக்கும் இடங்களை இணைக்கும் ஆட்களின் பயிற்சியே பின்தங்கி நிற்கிறது.

தோட்டப் பகுதிக்கு வரும் மாணவருக்கு அப்பயிற்சி எவ்வாறு அமையலாம்? முதலாவதாக, நடக்க வைப்பது நல்லது. டிஸ்பென்சரியில் எழுதப்படும் துண்டைக் கையிலெடுத்துக்கொண்டு, அந்தப் பெண் போகும் வழியே, அவள் ஏறும் பேருந்திலே ஏறி, அவள் நிற்கும் வரிசையிலே நின்று மாலையில் திரும்பி வரும் மாணவர், அடுத்த முறை துண்டு எழுதுமுன் யோசிப்பார். கிளினிக் நாளையும் பிரதேச செயலகத்தின் மக்கள் தினத்தையும் ஒரே நாளில் பொருத்த முடியுமா, உளவளத்துணை உத்தியோகத்தர் மாதம் ஒரு முறை பிள்ளைக் காம்பிராவுக்கு வர இயலுமா என்ற கேள்விகள் அப்பொழுதுதான் பிறக்கும். புத்தகத்தில் அவை இல்லை.

அடுத்தது, சொல்லும் முறை. சமூகப்பணி மாணவி ஒருத்தி வைத்தியரிடம் சென்று, 'டாக்டர், அந்த அம்மா கொஞ்சம் மனம் சரியில்லாமல் இருக்கிறார். வீட்டிலும் பிரச்சினை' என்று கூறினால், நாற்பது நோயாளிகளுக்கு நடுவிலிருக்கும் வைத்தியர் தலையசைப்பார்; வேறொன்றும் நடக்காது. அதே செய்தியை வேறு விதமாகவும் கூறலாம்: 'டாக்டர், நான்கு மாதக் குழந்தையின் தாய். மூன்று வாரமாக உறக்கமில்லை. குழந்தையைத் தூக்க மனம் வரவில்லை என்கிறார். நேற்றிரவு செத்துவிட்டால் போதும் என்று நினைத்ததாகச் சொன்னார். கணவர் அடிக்கிறார். வீட்டிலே பூச்சிமருந்துப் போத்தல் ஒன்று இருக்கிறது. தாங்கள் இன்றே பார்க்க வேண்டும்; போத்தலை அப்புறப்படுத்தும் வேலையை நான் மாமியாரோடு பேசிச் செய்கிறேன்.' அரை நிமிடந்தான் ஆகும். கண்டது எது, ஆபத்து எது, வைத்தியரிடம் வேண்டுவது எது, தான் செய்யப்போவது எது என்று நான்கும் அதில் இருக்கின்றன. பயிற்சியின்றி இவ்வாறு பேச வராது. வகுப்பறையிலே, வைத்திய மாணவரை எதிரே இருத்தி, பலமுறை பேசிப் பழக வேண்டும். அவரும் பதிலுக்குத் தமக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்கப் பழக வேண்டும்.

தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் எடின்பரோவிலே வகுக்கப்பட்ட 10 வினாக்கள் கொண்ட அளவுகோல் பல மொழிகளில், தமிழிலும் வழங்குகிறது. குடும்பநல மாது அதைக் கேட்கலாம். ஆனால் பத்தாவது வினா, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது. அதற்கு 'ஆம்' என்று ஒரு தாய் விடை கூறினால் அடுத்த நிமிடம் என்ன செய்வது, யாரை அழைப்பது, அதுவரை அவளோடு யார் இருப்பது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். விடை சொன்னவளைத் தனியே விட்டுவிட்டுப் படிவத்தைக் கோப்பிலே சேர்ப்பது, கேளாமலிருந்ததிலும் கொடிது.

மொழி இன்னொரு சிக்கல். நுவரெலியா மாவட்ட மக்களில் பெரும் பகுதியினர் மலையகத் தமிழர். வைத்தியரும் தாதியரும் சிங்களம் மட்டும் பேசுவோராக இருப்பது அருமையன்று. அப்பொழுது மொழிபெயர்ப்பவர் யார்? வார்டிலே வேலை செய்யும் சிற்றூழியர். அல்லது கூட வந்த பத்து வயது மகன். தாயை அப்பா அடித்ததை அம்மகன் வாயால் வைத்தியருக்குச் சொல்ல வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். சமூகப்பணி மாணவரை உரைபெயர்ப்புப் பணிக்கு எடுத்துக்கொள்வது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் உரைபெயர்ப்பாளராக ஒரு மாணவி அங்கே நின்றுவிட்டால், சமூகப் பணியாளராக நிற்க ஆளில்லை. இரண்டும் வெவ்வேறு வேலை என்பதைக் கூட்டத்தின் ஏனையோர் ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்கள மாணவர் சில வாக்கியங்களேனும் தமிழிலே கேட்கப் பழகுவதும், தமிழ் மாணவர் சிங்களத்திலே குறிப்பெழுதப் பழகுவதும் அதற்குத் துணை செய்யும்.

லயத்திலே பிறந்து, படித்து, சமூகப்பணி மாணவராகத் திரும்பி வருவோரின் நிலை தனியே நோக்கத்தக்கது. அவர்களுக்கு மக்களின் பேச்சு தெரியும். 'நெஞ்சு அடைக்குது' என்பதில் எத்தனை வகை உண்டு என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால் கதவுகள் சில அடைபடுகின்றன. 'இன்னார் மகளிடம் சொன்னால் லயம் முழுதும் தெரியுமே' என்று அந்தப் பெண் அஞ்சுவாள், அச்சம் நியாயமானதே. டாக்டரையா முன்னிலையிலும், துரை முன்னிலையிலும் கைகட்டி நின்ற பெற்றோரின் பிள்ளைக்கு, அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, 'இந்த முடிவு சரியன்று என்று எனக்குத் தோன்றுகிறது' என்று சொல்ல நா எழுவதும் அருமை. மரியாதை குன்றாமல் மாறுபட்ட கருத்தைச் சொல்லும் கலையை அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அதைக் காது கொடுத்துக் கேட்கும் கலையை வைத்திய மாணவருக்குக் கற்பிக்க வேண்டும். முன்னதைப் பற்றியே எல்லோரும் பேசுகின்றனர்; பின்னது இல்லாவிடில் முன்னது வீண்.

கூட்டுப்பணிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. பலர் அறிந்தால் இரகசியம் தங்குமா? லயத்துக் காம்பிராக்களுக்கிடையே இருப்பது ஒற்றைச் சுவர்; டாக்டரையாவோ தோட்டத்தின் ஊழியர். ஒரு தொழிலாளி குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவது தோட்டத்து ஆபீசுக்குத் தெரிந்தால் வேலையிலே கரும்புள்ளி விழும் என்று அவர் எண்ணக்கூடும். தொழிற்சங்கத் தலைவருக்குத் தெரிந்தால் கோயில் திருவிழாக் கூட்டத்திலே பேச்சாகும் என்று அஞ்சக்கூடும். ஆகவே, எதைக் கூட்டத்தினுள் சொல்வது, எதை நோயாளியின் அனுமதி பெற்ற பின்னரே சொல்வது, எதை ஒருபோதும் வெளியிடாதிருப்பது என்பதை மாணவர் வரையறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக் காம்பிரா ஆயாம்மாவுக்கு, 'இந்தத் தாய் காலையில் வரும்போது இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசுங்கள். வராத நாளில் உடனே சொல்லியனுப்புங்கள்' என்பதே போதும். அவளுடைய வீட்டுக் கதை முழுவதும் வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை மட்டும் இவ்விதிகளுக்கு விலக்கு. அதையும் நோயாளியிடம் முதலிலேயே கூறிவிடுவது முறை.

கோடாங்கியை என்ன செய்வது என்று மாணவர் கேட்பது வழக்கம். உடுக்கடித்துக் குறி சொல்பவரிடம் போன பின்னரே பலர் ஆஸ்பத்திரிக்கு வருகின்றனர். சிலர் இரண்டிடத்துக்கும் போகின்றனர். அவரைப் பழிப்பதால் நோயாளி அவரை விடுவதில்லை. அவரிடம் போவதை நம்மிடம் மறைக்க மட்டும் கற்றுக்கொள்கிறாள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவரையிலும், அடித்தும் சுட்டும் பேயோட்டாதவரையிலும் அவரோடு முரண்படத் தேவையில்லை. அவ்வாறு துன்புறுத்தல் நேருமாயின் பேச்சுக்கு இடமில்லை; தடுத்தே ஆக வேண்டும்.

இவற்றையெல்லாம் கற்பிப்போர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. களப்பயிற்சிக்கு வரும் மாணவரை மேற்பார்க்க, தோட்டத்தையும் ஆஸ்பத்திரியையும் ஒருங்கே அறிந்த அனுபவசாலி ஒருவர் வேண்டும். கொழும்பிலிருந்து மாதம் ஒரு முறை வந்து நாட்குறிப்பிலே கையொப்பமிடும் மேற்பார்வை இதற்குப் போதாது. ஓய்வு பெற்ற தாதியர், நீண்ட சேவை செய்த குடும்பநல மாதர், தோட்டப் பகுதியிலே பல்லாண்டு பணியாற்றிய சமூக சேவை உத்தியோகத்தர் ஆகியோரிடம் அவ்வனுபவம் உண்டு. அவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்துவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாரம் ஒரு பிற்பகல், ஆஸ்பத்திரியிலே ஓர் அறை, நான்கு தொழில்களைச் சேர்ந்த எட்டு மாணவர், அவ்வாரம் வந்த ஒரு நோயாளியின் கதை: தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தனித்தனியே எழுதி, பின்னர் அவற்றை ஒருங்கு வாசிக்கும்போது, டாக்டரையாவின் தலைவலியும், ஆயாம்மாவின் கண்ணீரும், செக்ரோலின் அரைப்பேரும் முதன்முறையாக ஒரே மேசைமீது வந்து சேர்கின்றன. அந்த வாரத்தின் வேலை, அடுத்த வியாழனன்று அவளுக்கு எத்தனை பேருந்து மிச்சமாகும் என்று கணக்கிடுவதிலிருந்து தொடங்கும்.